நூற்றுக்கு நூறு

"லாரி ஏறினா இது காப்பாத்துமா தம்பி?"

மலேசியாவில் எங்கள் ஆலை கேட் முன்னால் நின்று அந்த அண்ணன் கேட்டது இவ்வளவுதான். கையில் நான் கொடுத்த சைக்கிள் ஹெல்மெட். நான் சொன்ன பதில்: "ரூல்ஸ்ணே. நாளையிலிருந்து போடாம வந்தா கேட் காவல் ஜாகா உள்ளே விட மாட்டார்." அவர் ஹெல்மெட்டை ஹேண்டலில் மாட்டிக்கொண்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். ஏழு மாதம் ஆகிறது.

பதில் தெரியாமல் இல்லை. சேஃப்டி ஆபீசர் வேலை என்னுடையது. சைக்கிள் ஹெல்மெட்டைச் சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழவிட்டுத்தான் சோதிப்பார்கள். சறுக்கி விழும் தலைக்கு அது செய்தது, லாரிக்கு அல்ல. "லாரி ஏறினா காப்பாத்தாதுண்ணே, மழையில வழுக்கினா காப்பாத்தும்" என்று சொல்லியிருக்கலாம். பின்னால் ஷிப்ட் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. சரி, அது சாக்கு. அவர் கேள்வி நியாயமாக இருந்ததுதான் காரணம். பாகான் டாலாமிலிருந்து பிறை ஆற்றைத் தாண்டி வருகிறவர். கன்டெய்னர் லாரிகள் தோளை உரசிக்கொண்டு போகும். அந்த ரோட்டை என்னால் மாற்ற முடியாது. தலைக்கு மட்டும் விதி எழுத முடிந்தது.

எழுதியதில் வருத்தமில்லை. அதற்கு இரண்டு மாதம் முன்புதான் இரவு ஷிப்ட் முடிந்து போன துப்புரவு அக்கா ஒருவர் கால்வாய் ஓரம் சைக்கிளோடு விழுந்தார். காதுக்கு மேல் ஒன்பது தையல். வேலைக்கு வந்து போகும் வழி விபத்தும் தொழிலாளர் காப்பீடான சொக்சோவில் சேரும் என்பதால் படிவம் நிரப்பியது நான். மோட்டார் சைக்கிளுக்கு இங்கே 1973லேயே ஹெல்மெட் கட்டாயமாகிவிட்டது. சைக்கிளுக்குச் சட்டம் இல்லை. சட்டம் இல்லாத இடத்தில் கம்பெனி விதியாவது இருக்கட்டும் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன், பெரும்பாலான நாட்களில்.

மூன்று மாதம் கழித்து எண்ணினோம். சைக்கிள் ஷெட்டில் 9 சைக்கிள், ஒன்பது பேருக்கும் ஹெல்மெட். மேனேஜர் ஸ்லைடில் 100 சதவீதம் என்று பச்சையில் போட்டார். விதிக்கு முன்பு அதே ஷெட்டில் 23 நின்றன.

மீதி எங்கே என்று நான் உடனே தேடவில்லை. அப்புறம் ஒருநாள் டீ குடிக்கப் போனபோது ரொட்டி சானாய் கடைக்குப் பின்னால் நாலைந்து சைக்கிள்கள் மாமரத்தில் சங்கிலி போட்டு நின்றன. அந்த அண்ணனுடையது அங்கே இல்லை. அவர் மச்சான் மகனின் மோட்டாரில் பின்னால் உட்கார்ந்து வருகிறார். தலையில் ஹெல்மெட் உண்டு, வார் மாட்டவில்லை. இரண்டு முனையும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. நம் ரோட்டில் சாகிறவர்களில் பாதிக்கு மேல் மோட்டாரில் போகிறவர்கள். சைக்கிளிலிருந்து இறக்கி அதில் அவரை ஏற்றிவிட்டது நான்தானா? முட்டி வலிக்கு எப்படியும் சைக்கிளை விட்டிருப்பார் என்றும் சொல்லிக்கொள்கிறேன்.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1990 ஜூலையில் சைக்கிள் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. ஹெல்மெட் போடுகிறவர்கள் கூடினார்கள், சைக்கிள் ஓட்டும் இளவட்டங்கள் குறைந்தார்கள். முப்பது வருடம் தாண்டியும் அதை எப்படிப் புரிந்துகொள்வது என்று சண்டை ஓயவில்லை. இதைப் படித்தது விதி போட்ட பிறகு.

அந்த ஒன்பதில் ஒரு நேப்பாளத் தம்பி போன மாதம் தரையில் போட்ட மஞ்சள் கோட்டில் வழுக்கி விழுந்தான். ஹெல்மெட் உள்ளே வெள்ளை நுரையில் விரல் நுழையும் அளவுக்கு விரிசல். தலையில் கீறல்கூட இல்லை. அன்று இரவு நன்றாகத் தூங்கினேன். மறுநாள் அதே விரிசல் ஹெல்மெட்டோடு வந்தான், ஜாகா உள்ளே விட்டார். ஒருமுறை அடிபட்ட நுரை மறுமுறை தாங்காது. என் விதியில் அந்த வரி இல்லை. புதியது வாங்கிக் கொடுத்தேன்.

போன வாரம் நிறுவனத்தின் இன்னொரு ஆலையிலிருந்து அந்த ஸ்லைடைக் கேட்டார்கள். பச்சை எண்ணுக்குக் கீழே "முன்பு 23, இப்போது 9" என்று சின்ன எழுத்தில் சேர்த்தேன். படிக்க முடிகிறதா என்று கொஞ்சம் பெரிதாக்கிப் பார்த்தேன். திரும்பச் சிறிதாக்கி அனுப்பிவிட்டேன்.