340 பேர், ஆறு கழிப்பறை

எனக்குச் சொந்த ஊர் மதுரை செல்லூர். பி.எஸ்சி. நர்சிங் முடித்துவிட்டு ஒரு தனியார் மருத்துவமனை ஐசியூவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பேரிடர் காலப் பொதுச் சுகாதாரம் என்று தனியாக ஒரு முதுநிலைப் படிப்பு இருப்பதே 2023 டிசம்பர் வரை எனக்குத் தெரியாது.

அந்த மாதம் 17, 18 தேதிகளில் தூத்துக்குடிப் பக்கம் கொட்டிய மழை பலருக்கு நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர். மதுரையிலிருந்து கிளம்பிய ஒரு மருத்துவக் குழுவோடு நானும் தொற்றிக்கொண்டேன். ஒரு கல்யாண மண்டபத்தில் 340 பேர் தங்கியிருந்தார்கள். எங்கள் பெட்டியில் பாராசிட்டமாலுக்கும் ஓஆர்எஸ்ஸுக்கும் குறைவில்லை. கழிப்பறைதான் ஆறே ஆறு. அதில் மூன்று ஆண்களுக்கு. மூன்றாம் நாள் நீர்க்கடுப்பு என்று வரிசையாகப் பெண்கள் வந்தார்கள். "ராத்திரி எந்திச்சுப் போவணுமேன்னு தண்ணியே குடிக்கலம்மா" என்றார் ஒரு ஆச்சி. போய்ப் பார்த்தேன். கழிப்பறைப் பக்கம் விளக்கு இல்லை, ஒரு கதவில் தாழ்ப்பாள் இல்லை. நானோ இரண்டு நாளாக மாத்திரை எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஊர் திரும்பித் தேடியபோது ஸ்பியர் கையேடு கிடைத்தது. 1994இல் ருவாண்டா அகதிகள் கோமா முகாம்களில் காலராவில் கொத்துக் கொத்தாக இறந்த பிறகு, தொண்டு நிறுவனங்கள் கூடி வகுத்த குறைந்தபட்ச அளவுகள் அதில் இருக்கின்றன. ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர் தண்ணீர். ஆரம்ப நாட்களில் 50 பேருக்கு ஒரு கழிப்பறை, நிலைமை கொஞ்சம் சீரானதும் 20 பேருக்கு ஒன்று. ஆண்களுக்கு ஒன்று என்றால் பெண்களுக்கு மூன்று. அந்த மூன்றுக்கு ஒன்றைப் படித்ததும் ஆச்சி ஞாபகம்தான் வந்தது.

அந்தப் படிப்புக்கு முதல் தடவை விண்ணப்பித்ததைப் பற்றிச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஒரு கன்சல்டன்சி கொடுத்த மாதிரிக் கடிதத்தில் பெயரை மட்டும் மாற்றினேன். 'சிறு வயது முதலே சேவை மனப்பான்மை' என்று ஆரம்பிக்கும். இங்கிலாந்தில் இரண்டு பல்கலைக்கழகங்கள், இரண்டுமே இல்லை என்றுவிட்டன.

2024 அக்டோபர் 25 மழையில் பந்தல்குடி வாய்க்கால் வழிந்து எங்கள் தெருவுக்குள்ளேயே தண்ணீர் வந்தது. வடிந்த பிறகு ஒரு பள்ளி நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். யாருக்கு வயிற்றுப்போக்கு, என்றைக்கு ஆரம்பித்தது, எந்தக் குழாய்த் தண்ணீர், கொதிக்க வைத்தார்களா என்று கேட்டு எழுதினேன். "என்ன பாப்பா, ரேஷன் கார்டுக்கா?" என்று கேட்டவர்களும் உண்டு. இதற்கு லைன் லிஸ்ட் என்று பெயர் இருப்பது பிறகுதான் தெரிந்தது. இரண்டாவது கடிதத்தில் அந்த நோட்டும் கல்யாண மண்டபமும் மட்டும்தான். சேவை என்ற சொல்லே இல்லை.

நேர்காணல் ஆன்லைனில். 1,500 பேர் இருக்கும் முகாமுக்கு ஒரு நாளைக்கு 10,000 லிட்டர்தான் வருகிறது, என்ன செய்வாய் என்றார்கள். ஆளுக்கு ஏழு லிட்டர்கூட இல்லை, எங்கள் ஊர்க் கணக்கில் அரைக் குடம் என்றேன். அதைக் குடிக்கவும் சமைக்கவும் ஒதுக்கிவிட்டு, குளிக்கத் துவைக்க வேறு தண்ணீர் தேடுவேன், குழாயில் கிருமி கொல்லக் கலக்கும் குளோரின் மிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பேன் என்றேன். சரி, யாருக்குக் கிடைக்கவில்லை என்று எப்படிக் கண்டுபிடிப்பாய் என்று அடுத்த கேள்வி. கொஞ்சம் திணறினேன். அப்புறம் தண்ணீர் லாரி வரும் எங்கள் தெருதான் கைகொடுத்தது. வரிசையில் நிற்பவர்களைக் கேட்டால் தெரியாது, வரிசைக்கே வர முடியாத வயசாளிகளையும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் தேடிப் போகவேண்டும் என்றேன். அவர்கள் எழுதிக்கொண்டார்கள்.

இடம் கிடைத்த பிறகுதான் உண்மையான அலைச்சல். இங்கிலாந்து மாணவர் விசாவுக்கு, நானே பணம் கட்டுவதாகக் காட்டினால் முதலாண்டுக் கட்டணத்தில் பாக்கியும் ஒன்பது மாதச் செலவுத் தொகையும் தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்கவேண்டும். ஒரு நாள்கூடக் குறையக் கூடாது. அம்மா நகையை அடகு வைத்து, அப்பா பிஎஃப் எடுத்து, சரியாக அந்தத் தொகையைப் போட்டோம். 19ஆம் நாள் வங்கி ஏதோ சேவைக் கட்டணம் என்று சில ரூபாய் பிடித்துவிட்டது. தொகை குறைந்துபோக, மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினோம். போகிறவர்கள் தயவுசெய்து ஒரு பத்தாயிரமாவது கூடுதலாகப் போட்டுவையுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் தங்குவதற்குக் காசநோய்ப் பரிசோதனைச் சான்றும் வேண்டும். அதற்குப் பாண்டியன் எக்ஸ்பிரஸில் சென்னை போய் மார்பு எக்ஸ்ரே எடுத்துவிட்டு வந்தேன். அந்தச் சான்று ஆறு மாதத்துக்குத்தான் செல்லும் என்பதால் ரொம்ப முந்தியும் எடுக்க வேண்டாம்.

செப்டம்பரில் வகுப்பு தொடங்கியது. முதல் வாரமே இறப்பு விகிதக் கணக்கு. பத்தாயிரம் பேரில் நாளொன்றுக்கு ஒருவருக்கு மேல் இறந்தால் அது அவசர நிலை. நகை இன்னும் அடகில்தான் இருக்கிறது. பள்ளி நோட்டை மட்டும் கையோடு கொண்டுவந்திருக்கிறேன்.