இறக்கி வைத்த பாரம் எங்கே போயிற்று?

சம்பளப் பட்டியலைச் சரிபார்க்கும் வேலையை இனி நான் ஒருத்தியாகச் செய்ய இயலாது என்று மேலாளரிடம் சொன்னது சரியான முடிவு என்றே இன்றும் நம்புகிறேன். பிரிவிலுள்ள எல்லாருக்கும் பொதுவான அந்த வேலை, நான் ஒருபோதும் மறுக்காததால் நாளடைவில் என்னுடையதாகவே ஆகிவிட்டது. வேலையைவிட அதைச் சுற்றியிருந்த பயமே என்னை வாட்டியது. யாருடைய விடுப்புப் பிடித்தத்தையாவது தவறாகக் கணக்கிட்டுவிட்டேனோ, வைப்பு நிதித் தொகையில் ஓர் இலக்கம் மாறியிருக்குமோ என்று, பட்டியல் வங்கிக்குப் போன பிறகும் இரவில் விழித்துக் கிடப்பேன்.

‘வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களே! நீங்கள் எல்லாரும் என்னிடத்தில் வாருங்கள். நான் உங்களுக்கு இளைப்பாறுதல் தருவேன்’ (மத்தேயு 11:28) என்ற வசனம் சிறு வயது முதல் எனக்கு மனப்பாடம். அந்த நாட்களில் அதை மறுபடி வாசித்தபோது, நான் சுமப்பவற்றில் பல, ஆண்டவர் என்மேல் வைக்காதவை என்பது தெளிவாயிற்று. நான் இல்லாவிட்டால் எதுவும் நடக்காது என்ற எண்ணத்தையும், எல்லாரிடமும் நற்பெயர் வாங்கவேண்டும் என்ற ஏக்கத்தையும் ஜெபத்தில் ஒப்புக்கொடுத்த பிறகுதான் மேலாளரிடம் பேசும் துணிவு வந்தது.

ஆனால் அந்த வேலை, பிரிவிலுள்ள எல்லாருக்கும் பகிரப்படவில்லை. என்னைவிட இளையவளான ஒரு சக ஊழியரிடம் மொத்தமாகப் போயிற்று. அவளும் விசுவாசி. மாதக் கடைசியில் அவள் சோர்ந்திருந்ததைப் பார்த்து, “கவலையை அவர்மேல் வைத்துவிடு அம்மா, எனக்கு அப்படித்தான் விடுதலை கிடைத்தது” என்றேன். அவள் கோபப்படாமல், “நீங்கள் ஆண்டவர்மேல் வைத்ததாகச் சொல்கிறீர்கள் அக்கா, ஆனால் பட்டியல் என் மேசைக்கல்லவா வந்திருக்கிறது?” என்று கேட்டாள்.

வேலை வேறு, கவலை வேறு என்று அவளுக்குப் பதில் சொன்னேன். அது உண்மைதான். பேதுரு தம் முதலாம் நிருபத்தில் அவர்மேல் வைத்துவிடச் சொல்வது கவலைகளையே (5:7), கடமைகளை அல்ல. பவுலும் கலாத்தியருக்கு, ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கும்படி எழுதிவிட்டு (6:2), சில வரிகளிலேயே அவனவன் தன்தன் பாரத்தைச் சுமப்பான் என்றும் எழுதுகிறார் (6:5). இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், எனக்குரியது அல்லாததை நான் திருப்பிக் கொடுத்ததில் குற்றமில்லை. ஆனால் இந்த நியாயங்களை மனத்தில் எத்தனை முறை அடுக்கினாலும், அவள் கேள்விக்கு இவை பதிலாகவில்லை. அவள் வசனத்தின் பொருளைக் கேட்கவில்லை. பட்டியல் எங்கே வந்து சேர்ந்தது என்பதைத்தான் கேட்டாள்.

இஸ்ரவேல் மக்களை வழிநடத்திய மோசேயை நினைத்துக்கொள்கிறேன். காலைமுதல் மாலைமட்டும் தனியாக நியாயம் விசாரித்த அவரைப் பார்த்து, இது உமக்கு மிகவும் பாரமான காரியம் என்று மாமனார் எத்திரோ சொன்னார் (யாத்திராகமம் 18). என் முடிவுக்கு இதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது என்று எண்ணியிருந்தேன். ஆனால் அந்த ஆலோசனையில் ஆயிரம் பேருக்கும், நூறு பேருக்கும், ஐம்பது பேருக்கும், பத்துப் பேருக்கும் அதிபதிகள் ஏற்படுத்தப்படுகிறார்கள். ஒருவர் சுமையை அப்படியே இன்னொருவர் தலையில் மாற்றவில்லை. எண்ணாகமம் 11-ஆம் அதிகாரத்தில் மோசே தம்மால் தாங்கமுடியவில்லை என்று முறையிட்டபோதும், கர்த்தர் 70 மூப்பரைக் கூட்டச் சொல்லி, அவர்கள் மோசேயோடேகூடச் சுமப்பார்கள் என்றே வாக்களித்தார். மோசே விலகிப்போகவில்லை.

வேலையை யாரிடம் கொடுப்பது என்று தீர்மானித்தது நான் அல்ல, மேலாளர். ஆயினும் அந்தத் தீர்மானம் தெரிந்த பிறகும் நான் நிம்மதியாகத் தூங்கினேன் என்பதே இப்போது உறுத்துகிறது. அந்த நிம்மதி ஆண்டவர் தந்த இளைப்பாறுதலா, என் மேசை காலியானதால் வந்த ஆறுதலா என்று பிரித்தறிய எனக்குத் தெரியவில்லை. இரண்டும் கலந்தே இருந்திருக்கலாம். பழையபடி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டால் அதே பயத்துக்குத்தான் திரும்புவேன். அதை விசுவாசம் என்று சொல்லமாட்டேன். அடுத்த பட்டியலில் பாதியை நான் பார்க்கிறேன் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். மேலாளர் அதற்கு இன்னும் சம்மதிக்கவில்லை.