எல்லாம் எரிஞ்சு போச்சுன்னு சொன்னத நம்பி எட்டு மாசம் போச்சு

என் வீட்டுக்காரர் மெல்போர்ன்காரர். மாமியாரோட கொள்ளுத்தாத்தா 1850கள்ல அயர்லாந்துல இருந்து கப்பல் ஏறி ஆஸ்திரேலியாவுல விக்டோரியாவுக்கு வந்தவர், எந்த ஊர்னு மட்டும் வீட்ல யாருக்கும் தெரியல. மாமியாருக்கு எண்பது தாண்டிடுச்சு, கண்ணை மூடுறதுக்குள்ள அந்த ஊர் பேரு தெரிஞ்சா போதும்னு சொல்லிட்டே இருப்பாங்க, அதனாலதான் நான் இதுல இறங்கினேன்.

இறப்புச் சான்றிதழ் ஈஸியா கிடைச்சிடுச்சு. அதுல "கிளேர், அயர்லாந்து"னு மட்டும்தான் இருக்கு. குடும்பப் பேரோ மக்நமாரா. கிளேர் மாவட்டத்துல தடுக்கி விழுந்தா ஒரு மக்நமாரா மேலதான் விழணும், இத வச்சு எங்க தேடுறது?

அயர்லாந்துல ஒரு ஆபீஸுக்கு மெயில் போட்டேன். மூணு வாரம் கழிச்சு ரெண்டே வரில பதில்: 1922ல எல்லாம் எரிஞ்சு போச்சு, பழைய வில் (உயில்) எதுவும் கிடையாது. நானும் நம்பி மூட்டை கட்டி வச்சிட்டேன். எட்டு மாசம்! அது பாதிதான் உண்மைன்னு பின்னாடி தெரிஞ்சப்ப வந்த கோவம் இன்னும் அடங்கல. 1922 ஜூன் 30 அன்னிக்கு உள்நாட்டுப் போர்ல டப்ளின்ல ஃபோர் கோர்ட்ஸ்ங்கிற நீதிமன்றக் கட்டடத்துல இருந்த ஆவணக் காப்பகம் வெடிச்சு எரிஞ்சது நிஜம், அங்க இருந்த ஒரிஜினல் வில்லு கிட்டத்தட்ட எல்லாமே சாம்பலாச்சு. ஆனா 1858ல இருந்து லிமரிக், கார்க் மாதிரி மாவட்டப் பதிவகங்கள்ல பதிவான வில்லையெல்லாம் பெரிய புக்ல நகல் எழுதி வச்சிருந்தாங்க, அது தப்பிச்சிடுச்சு. வருஷா வருஷம் அச்சடிச்ச பட்டியலும் இருக்கு, அதுல இறந்தவர் பேரு, ஊரு, தொழில், இறந்த தேதி, யாருகிட்ட சொத்து ஒப்படைச்சாங்கன்னு எல்லாம் வரும். அயர்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தோட சைட்லயே ஃப்ரீயா பாக்கலாம். யாராவது "எல்லாம் போச்சு"ன்னு சொன்னா தயவுசெஞ்சு எந்த வருஷத்து வில், எந்த ஊர்ல பதிவானதுன்னு திருப்பிக் கேளுங்க.

நடுவுல ஒரு வெட்டி அலைச்சல் வேற. வெளியூர்ல ஒரு சின்ன ரெக்கார்ட் ரூம், ஃபோன்ல திறந்திருக்கும்னு சொன்னாங்க, லீவு போட்டு ரெண்டரை மணி நேரம் வண்டி ஓட்டிட்டுப் போனா பூட்டு தொங்குது. ஆனா அதுக்குத் தேவையே இல்லைன்னு அப்புறம்தான் தெரிஞ்சது, 1841ல இருந்து 1925 வரைக்கும் உள்ள விக்டோரியா வில்லுங்கள ஸ்கேன் பண்ணி ஆன்லைன்ல போட்டிருக்காங்க.

கொள்ளுத்தாத்தா வில் கிடைச்சது. ஒரே பக்கம், எல்லாம் பொண்டாட்டிக்கு, முடிஞ்சது. ஊர் பேரு இல்ல. அன்னிக்கு அழுகையே வந்துடுச்சு.

மாமியார்தான் சொன்னாங்க, அவருக்கு ஒரு தங்கச்சி இருந்தாங்களாம், வீட்டு வேலைக்கு வந்தவங்க, கல்யாணமே பண்ணிக்கலன்னு. அந்தம்மா பேர்ல தேடினேன். முதல்ல ஒண்ணுமே வரல, குடும்பப் பேருல "மக்"க எடுத்துட்டு வெறும் "நமாரா"ன்னு போட்டதும் வந்துச்சு. 1893 வில், மூணு பக்கம். புள்ள குட்டி இல்லாதவங்க வில்லதான் முதல்ல தேடணும், சொத்த பிரிச்சுக் கொடுக்கிறப்ப ஊர்ல இருக்கிற அண்ணன் தம்பி, அக்கா பிள்ளைங்கன்னு எல்லாரையும் பேர் சொல்லி எழுதியிருப்பாங்க. இவங்க எழுதியிருக்காங்க: கிளேர்ல க்ளூனில இருக்கிற தம்பிக்கு 20 பவுண்டு.

சந்தோஷப்பட்டு மேப்ப திறந்தா கிளேர்ல ரெண்டு க்ளூனி இருக்கு! ஒண்ணு என்னிஸ் டவுனுக்குக் கிழக்க, இன்னொண்ணு மேற்குப் பக்கம். அதுல மறுபடி ஒரு வாரம் மண்டை காய்ஞ்சேன். விடை மூணாம் பக்கத்துலயே இருந்திருக்கு, நான்தான் பணத்த மட்டும் பாத்துட்டு விட்டுட்டேன். அப்பா அம்மா ஆத்மாவுக்குப் பூசை வைக்க குயின்ங்கிற ஊரோட சர்ச் சாமியாருக்கு 5 பவுண்டு. குயினும் கிழக்கு க்ளூனியும் ஒரே கத்தோலிக்கப் பங்கு, அதாவது ஒரே சர்ச் வட்டாரம்; அப்போ கிழக்கு க்ளூனிதான்.

அதுக்கப்புறம் மளமளன்னு நடந்தது. லிமரிக் நகல் புக்ல தம்பியோட வில் கிடைச்சது, கையெழுத்துக்குப் பதிலா ஒரு பெருக்கல் குறி, உள்ள "ஆஸ்திரேலியாவுல இருக்கிற என் அண்ணன் பிள்ளைங்க"ன்னு ஒரு வரி. ரெண்டு கரையும் சேந்துடுச்சு. யார் எந்த நிலத்துல குத்தகைக்கு இருந்தாங்கன்னு சொல்ற, 1855ல வந்த கிரிஃபித் நில மதிப்பீட்டுல அவங்க அப்பா குத்தகைக்கு இருந்த நிலமும் அதே க்ளூனிலதான்.

இன்னொண்ணு, வில் மட்டும் பாத்துட்டு மூடிடாதீங்க, கூட ஒரு ஃபைல் இருக்கும், அதுல சொத்துக் கணக்கு வரும். வில் எழுதாம போனவங்களுக்கும் அந்த ஃபைல் இருக்கலாம். இந்தம்மா ஃபைல்ல ஒரு பேங்க் பாஸ்புக்கும் ஒரு தையல் மெஷினும்தான். அந்த சேமிப்புல இருந்துதான் அந்த 5 பவுண்டு.

பிரிண்ட் எடுத்து மாமியார்கிட்ட கொடுத்தேன். அந்தப் பூசை வரிய மட்டும் மூணு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாங்க.