மூலநிரல் தேடுகருவி: கேள்விகளிலிருந்து தொடங்கிய ஒரு தேர்வு

நான் பராமரிப்பில் பங்கேற்கும் திறமூலத் திட்டம், சி மொழியில் எழுதப்பட்ட ஒரு நூலகத்தையும் அதைச் சுற்றி வளர்ந்த சில துணை ரெப்போக்களையும் (மூலநிரல் களஞ்சியங்களையும்) கொண்டது. பங்களிப்பாளர் அனைவருக்கும் பொதுவான ஒரு தேடுகருவி வேண்டும் என்ற பேச்சு எழுந்தபோது, வழக்கம்போல் கருவிகளின் பெயர்களே முதலில் வந்து குவிந்தன. அவற்றின் வசதிப் பட்டியல்களை ஒப்பிடுவதைவிட, வழு அறிக்கைகளிலும் நிரல் பரிசீலனைகளிலும் நம்மவர்கள் ஏற்கெனவே கேட்டிருக்கும் கேள்விகளைத் திரட்டிப் பார்ப்பதே மேல் என்று எனக்குப் பட்டது. இந்தப் பிழைச் செய்தி எங்கிருந்து வருகிறது, இந்தச் செயற்கூற்றை எங்கெல்லாம் அழைக்கிறோம், பழைய வெளியீட்டுக் கிளையிலும் இந்த வழு இருக்கிறதா, இந்த மாறிலியை எப்போது நீக்கினோம்: பெரும்பாலானவை இந்த நான்கில் ஒன்றாகவே இருந்தன. நான்கையும் ‘தேடல்’ என்றே சொல்கிறோம். ஆனால் ஒரே கருவி நான்குக்கும் ஒழுங்காக விடை சொல்லிவிடாது.

ரெப்போவைத் தம் கணினியில் வைத்திருப்பவருக்கு முதல் கேள்விக்கென்று சேவையகம் எதுவும் தேவையில்லை. நிரலின் மாற்ற வரலாற்றைக் காக்கும் கிட் மென்பொருளை நிறுவியவுடன் கூடவே வந்துவிடும் ‘கிட் கிரெப்’, கிட் கண்காணிக்கும் கோப்புகளுக்குள் மட்டுமே தேடும். ஒரு கிளையின் பெயரையோ வெளியீட்டுக் குறிச்சொல்லையோ கொடுத்தால், அதைச் செக்அவுட் செய்யாமலேயே, அதாவது அந்தப் பதிப்புக்கு மாறாமலேயே, அதனுள் தேடித் தரும். பல ரெப்போக்கள் ஒரே அடைவில் கிடந்தால், ஆண்ட்ரூ கேலன்ட் 2016இல் வெளியிட்ட ரிப்கிரெப் இன்னும் வசதியானது. கிட் புறக்கணிக்கும் கோப்புகளை அதுவும் தானாகவே ஒதுக்கிவிடுகிறது. பிழைச் செய்தியைத் தேடுபவர்கள் முழு வரியையும் ஒட்டித் தேடிவிட்டு ஒன்றும் இல்லை என்று திரும்புவதை அடிக்கடி பார்க்கிறேன். செய்தியின் நடுவே இயங்கும்போது நிரப்பப்படும் பெயரோ எண்ணோ இருக்கும். அல்லது நீளம் கருதி அந்தச் சரத்தை இரண்டு வரிகளாக உடைத்து எழுதியிருப்பார்கள். மாறாத மூன்று நான்கு சொற்களை மட்டும் தேடினால் போதும்.

இணையவழித் தேடல் வேறு இருவருக்காக வேண்டியிருக்கிறது: இன்னும் ரெப்போவை நகலெடுக்காத புதியவருக்கும், குறிப்பிட்ட வரிக்கு இணைப்புக் கொடுத்து விவாதிக்க விரும்பும் பரிசீலகருக்கும். கிட் ரெப்போக்களை இணையத்தில் வைத்திருக்கும் கிட்ஹப் தளம் 2023 மே மாதம் அனைவருக்கும் திறந்த புதிய நிரல் தேடல் இதற்குப் போதாதா என்று கேட்டார்கள். நல்ல தேடல்தான், எழுத்துக்கோலங்களை விவரிக்கும் ரெஜெக்ஸையும் ஏற்கிறது. ஆனால் உள்நுழைந்தால்தான் அதைப் பயன்படுத்த முடியும். இயல்புக் கிளையை மட்டுமே அது அட்டவணைப்படுத்துகிறது. பழைய வெளியீடுகளுக்குப் பாதுகாப்புத் திருத்தம் அனுப்பிக்கொண்டிருக்கும் எங்களுக்கு மூன்றாவது கேள்விதான் முக்கியம் என்பதால், அந்த வழி அங்கேயே அடைபட்டது.

சொந்தமாக நடத்தக்கூடிய கருவிகளுள் பல ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. கூகுள் 2006இல் தொடங்கி 2012 ஜனவரியில் மூடிய கோட் சர்ச் சேவை, ரெஜெக்ஸை அவ்வளவு பெரிய நிரல் திரளில் எப்படி விரைவாகத் தேடியது என்பதை அதை உருவாக்கிய ரஸ் காக்ஸ் அதே மாதம் விளக்கி எழுதி, அந்த முறையில் இயங்கும் நிரலையும் வெளியிட்டார். கோப்புகளை மூன்று மூன்று எழுத்துத் துண்டுகளாக அட்டவணைப்படுத்துவதுதான் அந்த முறை. ‘மெம்சிபிஒய்’ என்ற ஆறெழுத்துப் பெயரைத் தேடினால், எம்-இ-எம், இ-எம்-சி, எம்-சி-பி, சி-பி-ஒய் என்னும் நான்கு துண்டுகளும் சேர்ந்திருக்கும் கோப்புகளை அட்டவணை முதலில் பொறுக்கித் தரும். அவற்றை மட்டும் திறந்து உண்மையான பொருத்தத்தைச் சரிபார்த்தால் போதும். மூன்று எழுத்துக்கும் குறைவான தேடல்களுக்கு இந்த அட்டவணை ஏன் உதவாது என்பதும் இதிலேயே விளங்கும். ஹவுண்ட், சோக்ட், டெபியன் கோட் சர்ச் ஆகியவை இந்த வழியில் வந்தவை.

வேகத்துக்கு முன்பாக உரிமத்தைப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சோர்ஸ்கிராஃப் என்ற நிரல் தேடுகருவி 2018இல் திறமூலமாக வெளிவந்தது. 2023இல் அந்த உரிமத்தை விட்டது. 2024இல் அதன் முதன்மை ரெப்போவும் பொதுப்பார்வையிலிருந்து விலகியது. ஒரு நிறுவனம் அப்படி முடிவெடுப்பது அதன் உரிமை. நம் பங்களிப்பாளர்களின் அன்றாட வேலை அந்த முடிவைச் சார்ந்திருக்க வேண்டுமா என்பது நம் கேள்வி. அதே நிறுவனம் பராமரிக்கும் சோக்ட் அப்பாச்சி 2.0 உரிமத்தில் இருப்பதால், நாளை பராமரிப்பு நின்றாலும் வேறு யாராவது தொடரலாம்.

இறுதியில் ஓப்பன்கிராக்கும் சோக்ட்டும் எஞ்சின. சன் மைக்ரோசிஸ்டம்ஸில் பிறந்த ஓப்பன்கிராக், நிரலைப் படித்துச் செல்வதற்கு மிக இனியது. எந்தப் பெயரைச் சொடுக்கினாலும் அதன் வரையறைக்குப் போகலாம், கோப்பின் வரலாறும் பக்கத்திலேயே இருக்கும். ஆனால் லூசீன் என்ற உரைத்தேடல் நூலகத்தின் மேல் எழுந்தது என்பதால் அது சொல் சொல்லாகத்தான் தேடும். பெயரின் ஒரு பகுதி மட்டும் நினைவிருந்தால் எந்த எழுத்துக்கும் பொருந்தும் வைல்டுகார்டு குறியைச் சேர்க்க வேண்டும். அது இயங்கத் தேவையான ஜாவாவையும் டாம்கேட் வலைச் சேவையகத்தையும் பராமரிக்க ஓர் ஆளும் வேண்டும். சோக்ட் அட்டவணையாக்க ஒரு நிரல், வலைச் சேவைக்கு ஒரு நிரல் என்று முடிந்துவிடுகிறது; பல கிளைகளை ஒரே அட்டவணையில் வைக்கிறது. வரையறைகளைப் பட்டியலிடும் யூனிவர்சல் சிடேக்ஸையும் உடன் நிறுவினால், வரையறை இருக்கும் கோப்பை மேலே கொண்டுவருகிறது. தன்னார்வலர்களே சேவையகத்தைப் பார்த்துக்கொள்ளும் ஒரு திட்டத்தில், நள்ளிரவில் எழுப்பாத கருவிக்கே என் வாக்கு, சோக்ட்டைத் தேர்ந்தோம்.

இரண்டாவது கேள்வியில் மட்டும் அது பாதி விடைதான் தரும். எங்கள் நூலகத்தில் ‘ஹேண்டில்_ஓப்பன்’ போன்ற பெயர்கள் வரையறுக்கப்படும் இடத்தில் முழுமையாக எழுதப்பட்டிருப்பதில்லை. இரட்டை ஹாஷ் குறியைக் கொண்டு ஒரு மேக்ரோ (தொகுக்கும் முன் விரிக்கப்படும் நிரல் சுருக்கம்) அவற்றை ஒட்டி உருவாக்குகிறது. அழைக்கும் இடம் தேடலில் அகப்படும், வரையறை அகப்படாது. எழுத்தைத் தேடும் எந்தக் கருவிக்கும் இதே நிலைதான். கம்பைலர் பார்ப்பதைத் தானும் பார்க்கும் கிளாங்டி போன்ற நிரல் பகுப்பாய்விகளுக்கே அந்தப் பெயர் தெரியும். ஆனால் அவற்றுக்கும் ஒரு குருட்டுப் பக்கம் உண்டு: லினக்ஸுக்காகத் தொகுக்கும்போது விண்டோஸுக்கான நிபந்தனைப் பகுதி, தொகுப்புக்கு முன் இயங்கும் முன்செயலியிலேயே உதிர்ந்துவிடுவதால், அங்குள்ள அழைப்புகள் அவற்றின் கணக்கில் வருவதில்லை. மொசில்லாவின் சர்ச்ஃபாக்ஸ் பல தளங்களுக்கான பகுப்பாய்வுகளை ஒன்றிணைத்து இதைச் சமாளிக்கிறது. அத்தனை கட்டமைப்பு ஒரு சிறு திட்டத்துக்கு மிகை. ஆகவே ஒரு செயற்கூற்றின் அளபுருவை மாற்றும் முன் கிளாங்டியிலும் எழுத்துத் தேடலிலும் இரண்டு முறை பார்க்கச் சொல்லிப் பங்களிப்பாளர் வழிகாட்டியில் எழுதியிருக்கிறோம். பெயர்களை ஒட்டும் மேக்ரோ ஒவ்வொன்றுக்கும் மேலே, அது உருவாக்கும் பெயர்களைக் குறிப்புரையாக இடவும் தொடங்கியிருக்கிறோம்.

நான்காவது கேள்விக்கு அட்டவணை எதுவும் பயன்படாது. நீக்கப்பட்டது, நீக்கிய கிளையின் நுனியில் இல்லையே. அதற்குக் ‘கிட் லாக்’ கட்டளையின் பெரிய எஸ் தெரிவு இருக்கிறது. கொடுத்த சரம் எத்தனை முறை வருகிறது என்ற எண்ணிக்கையை மாற்றிய கமிட்டுகளை (வரலாற்றில் பதிவான மாற்றங்களை) மட்டும் அது காட்டும். நீக்கிய கமிட் பட்டியலின் மேற்பகுதியிலேயே நிற்கும். அந்த வரி ஒரு கோப்புக்குள்ளேயே இடம் மாறியிருந்தால் எண்ணிக்கை மாறாது, ஆகவே அந்தக் கமிட் தென்படாது. அதையும் காண விரும்புபவர் பெரிய ஜி தெரிவைக் கொடுத்துப் பார்க்க வேண்டும்.