திரையில் புள்ளிகள்: கிராபிக்ஸ் அட்டையை மாற்றுவதற்கு முன்

கணினித் திரையில் நிறப் புள்ளிகளோ கோடுகளோ தோன்றிய உடனேயே “கிராபிக்ஸ் காட் செத்துப் போச்சு” என்று, அதாவது திரைக்கான படத்தை உருவாக்கும் அட்டை பழுதாகிவிட்டது என்று, தீர்ப்புச் சொல்லிவிடுவது எங்கள் ஊரில் வழக்கம். அந்தத் தீர்ப்புப் பிழைத்தால் கொழும்பில் இருப்பவரைவிட யாழ்ப்பாணத்தில் இருப்பவருக்கே நட்டம் அதிகம். நகரத்துக் கடைகளில் கையிருப்பில் உள்ள சில அட்டைகளுக்குள் ஒன்றைத் தெரிய வேண்டும். அல்லது பம்பலப்பிட்டி யூனிற்றி பிளாசாவில் யாரையாவது வாங்கச் சொல்லி பஸ்ஸில் எடுப்பிக்க வேண்டும். உத்தரவாதத்தின் கீழ் திருப்பிக் கொடுப்பதென்றால் ஏறத்தாழ 400 கிலோமீற்றர் அது மீண்டும் பயணம் போக வேண்டும். ஆகவே பழுது எங்கே இருக்கிறது என்று உறுதி செய்யாமல் பணத்தை எடுக்கக் கூடாது என்பது என் நிலைப்பாடு.

கொக்குவிலில் திருமண வீடியோக்களைத் தொகுக்கும் என் மச்சானின் கணினியில் அண்மையில் பச்சையும் ஊதாவுமாகச் சிறு சதுரங்கள் மினுங்கத் தொடங்கின. இத்தகைய பிழைக்கு முதற் சோதனை மிக எளிது. சதுரங்கள் தெரியும்போதே ஸ்கிரீன்சொட் எடுத்து, அந்தப் படத்தைக் கைத்தொலைபேசிக்கு அனுப்பி அங்கே திறந்து பார்க்க வேண்டும். அதிலும் சதுரங்கள் இருந்தால், படம் உருவாகும் இடத்தில், அதாவது அட்டையின் சிப், அதன் நினைவகம், அட்டையை இயக்கும் மென்பொருளான ட்ரைவர் ஆகியவற்றுள் ஒன்றில் பிழை இருக்கிறது. படம் சுத்தமாக இருந்தால், முதலில் வயரையும் மொனிற்றரையும் இணைப்பு முனைகளையும் சந்தேகிக்க வேண்டும். அடுத்து, கணினியை மீள இயக்கி, முதலில் தோன்றும் தொடக்க அமைப்புத் திரையான பயோஸ் திரையைப் பார்க்க வேண்டும். விண்டோஸ் தொடங்குவதற்கு முன்பே கோடுகள் விழுமானால், விண்டோஸ் ட்ரைவர் மேல் பழி இல்லை. ஆனால் பயோஸ் திரை சுத்தமாக இருப்பதை வைத்து அட்டையை விடுதலை செய்துவிடவும் முடியாது. அந்த நேரத்தில் அட்டை நினைவகத்தின் மிகச் சிறு பகுதியை, குறைந்த வேகத்தில் மட்டுமே பயன்படுத்துகிறது.

ட்ரைவரைச் சோதிப்பதற்குப் பழைய ட்ரைவருக்கு மேல் புதியதை நிறுவுவது போதாது. விண்டோஸைச் சேஃப் மோட் நிலையில் திறந்து, ‘டிஸ்பிளே ட்ரைவர் அன்இன்ஸ்ரோலர்’ என்ற இலவச மென்பொருளால் பழையதை முற்றாக நீக்கிய பின்னரே நிறுவ வேண்டும். இதன் பிறகும் சதுரங்கள் வந்ததால், அட்டையின் வேகத்தை மாற்ற உதவும் ஆஃப்ரர்பேர்னர் மென்பொருளில் நினைவகத்தின் வேகத்தை மட்டும் குறைத்தோம். சதுரங்கள் வெகுவாகக் குறைந்தன. வேகத்தைக் குறைத்தால் குறையும் பிழை, நினைவகச் சிப்கள் தளர்ந்துவிட்டன என்பதற்கு நல்ல அடையாளம். இறுதியில் அட்டையைக் கழற்றி நண்பர் ஒருவரின் கணினியில் பொருத்தியபோது அங்கும் அதே சதுரங்கள் தோன்றின. எல்லாச் சோதனைகளிலும் அறுதியானது இதுவே. இன்னொரு கணினி கிடைக்குமானால் இதையே முதலில் செய்யலாம்.

ஆக, ஊர்த் தீர்ப்பு இந்தமுறை சரியாகவே இருந்தது. அட்டையை அவணில் வைத்துச் சூடாக்கினால் உயிர் வரும் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். சில கிழமைகள் ஓடினாலும் ஓடும், ஆனால் அது பழுதைத் திருத்துவதில்லை, சமைக்கும் அவண் பிறகு சமையலுக்கும் உதவாது.

பழைய கல்வீடுகளில் கவனிக்க வேண்டிய இன்னொன்று எர்த் இணைப்பு. கணினியின் பெட்டியைத் தொடும்போது விரலில் மெல்லக் கிறுகிறுக்கிறது என்றால், பெரும்பாலும் சுவரிலுள்ள சொக்கற்றுக்கு எர்த் சரியாக இல்லை என்று பொருள். பவர் சப்ளைக்குள் இருக்கும் வடிகட்டும் கொள்ளளவிகள் காரணமாக, எர்த் இல்லாத பெட்டி, 230 வோல்ற்று மின்சாரத்தில் ஏறத்தாழ அதன் பாதி அழுத்தத்தில் மிதந்துகொண்டிருக்கும். பாயும் மின்னோட்டம் சிறியதுதான். ஆயினும் கணினியும் தொலைக்காட்சியும் இயங்கும்போது எச்டிஎம்ஐ வயரைச் செருகினால் முனையிலே பொறி பறந்து அட்டையின் வெளியீடோ தொலைக்காட்சியின் உள்ளீடோ எரிந்துபோகலாம். புது அட்டை வாங்கும் காசில் ஒரு பகுதியை மின்பணியாளருக்குக் கொடுப்பது வீண்செலவு அல்ல. சோழகம் வீசும் மாதங்களில் விசிறியில் படியும் தூசியையும், கடற்கரைப் பக்க வீடுகளில் உப்புக்காற்று முனைகளில் ஏற்றும் களிம்பையும் இதனோடு சேர்த்துக் கவனிக்கலாம்.

தெரிவுக்கு வருவோம். எந்த அட்டை வேகமானது என்று தேடத் தொடங்குவதற்கு முன், பவர் சப்ளையில் ஒட்டியிருக்கும் தாளை வாசிக்க வேண்டும். தாய்ப்பலகையில் அட்டையைச் செருகும் பிசிஐ எக்ஸ்பிரஸ் துளை தரக்கூடியது 75 வற்று. பவர் சப்ளையிலிருந்து அட்டைக்கு வரும் ஆறு முனை இணைப்பு இன்னுமொரு 75, எட்டு முனை இணைப்பு 150. அலுவலகங்களிலிருந்து கழித்து இங்கே விற்பனைக்கு வரும் பல கணினிகளில் இந்த மேலதிக இணைப்புகள் இருப்பதில்லை. பவர் சப்ளையின் அளவும் தனிவகை என்பதால் கடையில் வாங்கிய வேறொன்று உள்ளே பொருந்தாது. மச்சானின் கணினியும் அந்த வகைதான். எனவே துளையிலிருந்து மட்டும் மின்சாரம் எடுக்கும் அட்டைகளையே பார்த்தோம்.

அந்த எல்லைக்குள் ஆர்எக்ஸ் 6400 மலிவாகவும் 53 வற்று மட்டுமே எடுப்பதாகவும் இருந்தது. ஆனால் அதில் வீடியோவைக் குறியாக்கும், அதாவது சுருக்கிக் கோப்பாக்கும், வன்பொருள் கிடையாது. துளையுடன் நான்கு தரவுப் பாதைகளில் மட்டுமே பேசுவதால் பழைய தாய்ப்பலகையில் வேகமும் இழக்கும். விளையாடுபவருக்கு அது போதுமாக இருக்கலாம், வீடியோ தொகுப்பவருக்கு உதவாது. இன்ரெல் ஆர்க் ஏ380 ஏவி1 என்ற புதிய வீடியோ வடிவத்தில் குறியாக்கம்கூடச் செய்யும், 6 ஜிபி நினைவகமும் உண்டு. எனினும் அட்டையின் நினைவகம் முழுவதையும் செயலி ஒரேயடியாக அணுகவிடும் ரீசைசபிள் பார் வசதி இல்லாத பழைய கணினியில் அதன் வலு வெகுவாகக் குறைந்துவிடும். எஞ்சியது 2024இல் வெளிவந்த ஆர்டிஎக்ஸ் 3050இன் 6 ஜிபி வடிவம். அது 70 வற்று. பெரும்பாலான மாதிரிகளுக்கு மேலதிக வயர் தேவையில்லை. இதே பெயரில் 8 ஜிபி வடிவம் ஒன்றும் உண்டு. அது 130 வற்று எடுப்பது, சிறியதில் உள்ள 2304 கருக்களுக்கு (கணக்கிடும் சிறு அலகுகளுக்கு) பதிலாக 2560 கொண்டது. நினைவகம் மட்டுந்தான் வேறு என்று விற்பவர் சொன்னால் நம்ப வேண்டாம். நாங்கள் சிறியதை எடுத்தோம்.

பாவித்த அட்டையை நான் முற்றாக ஒதுக்குவதில்லை. 2022 செப்ரெம்பரில் ஈதீரியம் என்ற டிஜிற்றல் நாணயம், அட்டைகளைக் கணக்கிட வைத்து நாணயம் ஈட்டும் (“தோண்டும்”) முறையைக் கைவிட்டபோது, இரவு பகலாக நாணயம் தோண்டிய அட்டைகள் பெருந்தொகையாகச் சந்தைக்கு வந்தன. ஆர்எக்ஸ் 580 அவற்றுள் ஒன்று. 2304 கருக்கள் இருக்க வேண்டிய அதில் 2048 மட்டுமே கொண்ட வகையும் அதே பெயரில் விற்கப்படுகிறது. ஜிபியு-இசட் என்ற சிறு மென்பொருள் இதைக் காட்டிக்கொடுக்கும். பழைய சிப்பில் புதுப் பெயரைப் பதித்த போலிகள் பலவற்றையும் போலி என்றே குறிப்பிடும். விற்பவர் தன் வீட்டிலேயே கணினியில் பொருத்தி, ஓசிசிரி என்ற சோதனை மென்பொருளின் நினைவகச் சோதனையை அரை மணிநேரம் ஓடவிட உடன்படாவிட்டால், விலை எவ்வளவு குறைவென்றாலும் வாங்காமல் திரும்பிவிடுவதே நல்லது.

மச்சானின் இரண்டாவது மொனிற்றரில் பழைய வகையான விஜிஏ முனை மட்டுமே இருந்தது. நாங்கள் பார்த்த அட்டைகள் எதிலும் அந்த வெளியீடு இல்லை என்பதால், எச்டிஎம்ஐயிலிருந்து மாற்றித்தரும் கருவி ஒன்றையும் அதே பற்றுச்சீட்டில் வாங்கிக்கொண்டோம்.