பிரசெந்தே

1989 நவம்பர் 16. எல் சால்வடோரில் ஆறு ஏசு சபைப் பாதிரியார்களையும், வீட்டு வேலை பார்த்த அம்மாவையும், அவர் மகளையும் ராணுவம் சுட்டுக் கொன்றது. கொன்றவர்களில் பலர் அமெரிக்காவின் ஃபோர்ட் பென்னிங் தளத்தில், லத்தீன் அமெரிக்க ராணுவத்தினருக்காக நடந்த ராணுவப் பள்ளியில் பயிற்சி பெற்றவர்கள்.

1990இல் பாதிரியார் ராய் பூர்ஷ்வாவும் சிலரும் பள்ளியை மூடச் சொல்லி அந்தத் தளத்தின் வாசலிலேயே உண்ணாவிரதம் இருந்தார்கள். அப்புறம் வருடாவருடம் நவம்பரில் ஆயிரக்கணக்கில் கூடினார்கள். கையில் வெள்ளைச் சிலுவை, அதில் கொல்லப்பட்ட ஒருவரின் பெயர். கைக்குழந்தைகளின் பெயரும் இருந்தது. ஒவ்வொரு பெயரையும் பாடும்போது கூட்டம் “பிரசெந்தே” என்றது. ஸ்பானிய மொழியில் ‘இங்கே இருக்கிறேன்’ என்று அர்த்தம். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

எதிர்ப்பைக் காட்ட ராணுவத் தளத்தின் எல்லையைத் தாண்டி உள்ளே போனதற்காக 88 வயதுக் கன்னியாஸ்திரீக்குக்கூட ஆறு மாதத் தண்டனை. எப்படி மனசு வந்ததோ!

2001இல் பள்ளியின் பெயரை மாற்றினார்கள். மூடவில்லை.