தாடியில் நோவு

கொழிஞ்சாம்பாறைக்கு நான் வேலைக்கு வந்த முதல் வருடம் அது. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம், பிசியோதெரபி படித்தது மதுரையில். பொள்ளாச்சி பஸ் கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டிக் கேரளத்துக்குள் வந்த பிறகும் கடைகளில் தமிழ்ப் பேச்சே காதில் விழுந்தது. மொழியால் ஒரு சிரமமும் வராது என்று நம்பினேன்.

அந்த அம்மாவுக்கு அறுபது வயது இருக்கும். தென்னந்தோப்பில் கூலி வேலை. "தாடியில நோவுங் கண்ணு" என்றார். எங்கள் ஊரில் தாடி என்றால் ஆண்களுக்கு முளைப்பது மட்டும்தான். நான் விழிப்பதைப் பார்த்து, உள்ளங்கையை விரித்து இடது தாடையை மூடிக் காட்டினார். மலையாளத்தில் மோவாய்க்கும் தாடி என்றே பெயர், தாடை எலும்பு 'தாடியெல்லு'. இந்த ஊர் இருக்கும் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவின் தமிழில் இப்படி எத்தனையோ சொற்கள் கலந்து கிடக்கின்றன. பக்கத்து அறை நர்ஸ் அப்புறம் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

பல்லில் குறையில்லை, தாடை மூட்டாக இருக்கலாம் என்று பல் டாக்டர் எழுதி அனுப்பியிருந்தார். காதுத் துளைக்குச் சற்று முன்னால் இரண்டு விரலை வைத்து வாயைத் திறக்கச் சொன்னேன். தாடை எலும்பின் குமிழ் அங்கேதான் மண்டையோட்டின் ஒரு குழிக்குள் பொருந்தியிருக்கிறது. வாய் திறக்கும்போது அது முதலில் சுழலும், பிறகு முன்பக்கம் வழுக்கி இறங்கும். இரண்டு எலும்புக்கும் நடுவே மெல்லிய தட்டு ஒன்று உண்டு. அந்த அம்மாவுக்கு வழுக்கும் நேரத்தில் என் விரலுக்கடியில் லேசாக 'டிக்' என்றது. வலியே இல்லாத எத்தனையோ பேருக்கு இந்த 'டிக்' இருக்கும். படித்திருந்தும் அன்றைக்கு எனக்கு அது போதுமானதாகத் தோன்றிவிட்டது.

மூன்று சிட்டிங் கொடுத்தேன். ஒத்தடம், மெல்லும் தசையைத் தளர்த்துவது, வாய்க்கான எக்சர்சைஸ். வலி குறையவில்லை. நான்காம் நாள் தாமதமாக வந்தவர் உள்ளே வராமல் திண்ணை பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார். அதே உள்ளங்கை, அதே தாடை. "பஸ்ஸு லேட்டு, வேகமா நடந்தேன். தாடி புடிச்சுக்கிச்சு. செத்த உக்காந்தா விட்டுருங் கண்ணு."

சாப்பிடும்போது வலிக்கிறதா என்று அன்றுதான் கேட்டேன். "சோறு திங்கையில ஒண்ணுமில்லீங்க."

எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. மெல்லும்போது வராமல் நடக்கும்போது வந்து, உட்கார்ந்தால் போய்விடும் வலிக்கும் தாடை மூட்டுக்கும் என்ன சம்பந்தம்? டாக்டரைக் கூப்பிட்டேன். ஈசிஜி எடுத்து, அன்று மதியமே கோயம்புத்தூருக்கு அனுப்பினார்கள். இதயத்துக்கு ரத்தம் போகும் குழாயில் அடைப்பு. ஸ்டென்ட் வைத்துத் திரும்பி வந்தார். அவர் வீட்டுக்கே போய், மூன்று நாள் நான் தவறான இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அதன் பிறகு தலை, கழுத்துப் பாடத்தை மறுபடி எடுத்து வைத்துக்கொண்டு படித்தேன். முதல் வருடப் படிப்பில் மனப்பாடம் செய்து ஒப்பித்த பகுதி அது. மூளையிலிருந்து நேரே கிளம்பும் நரம்புகள் 12 ஜோடி. முகத்தின் தொடு உணர்ச்சிக்கு ஐந்தாவது நரம்பு, முகத்தை அசைப்பதற்கு ஏழாவது. இதைச் சொன்னால் தேர்வில் மார்க் கிடைக்கும். ஆனால் தாடையின் கோணம் இருக்கிறதே, காதுக்குக் கீழே எலும்பு வளையும் அந்த முனை, அதன் மேல்தோலுக்கு ஐந்தாவது நரம்பு வருவதில்லை. கழுத்தின் இரண்டாவது, மூன்றாவது நரம்புகள் மேலேறி வந்து அந்த இடத்தைப் பார்த்துக்கொள்கின்றன. பார்வைக்கு முகம், நரம்புக்குக் கழுத்து. 1956-ல் மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தபோது கேரளத்தில் சேர்ந்து, வீட்டுக்குள் இன்னமும் தமிழ் பேசுகிற இந்த ஊரில் உட்கார்ந்து அதைப் படித்தபோது எனக்குச் சட்டென்று பிடிபட்டது.

ஐந்தாவது நரம்பும் தன் எல்லையில் நிற்பதில்லை. முகத்தின் வலியை வாங்கிக்கொள்ளும் அதன் பகுதி மூளைத்தண்டிலிருந்து கீழிறங்கிக் கழுத்துத் தண்டுவடம் வரை நீள்கிறது. இதயத்திலிருந்து வரும் செய்திகளில் ஒரு பங்கு அதன் அருகே வந்து சேர்கிறது. இரண்டு செய்தியும் ஒரே வழியில் மேலே போவதால், வலி தாடையில் என்று மூளை எடுத்துக்கொள்கிறது. கருவில் நாலாவது வாரம் இதயம் இருப்பதே கழுத்துப் பக்கம்தான். அப்புறம்தான் மார்புக்குக் குடிபோகிறது. போன பிறகும் பிறந்த வீட்டு உறவை விடுவதில்லை, இதயத்துக்கு வரும் நரம்புகளில் பல கழுத்திலிருந்தே இறங்கி வருகின்றன. அந்த அம்மாவின் இதயம் தாடை வழியாகக் கூப்பிட்டிருக்கிறது. நான் மூட்டைத் தடவிக்கொண்டிருந்தேன்.

இந்த ஊரில் இன்னொன்றும் அடிக்கடி வரும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆளைத் தள்ளும். "பஸ் ஜன்னல்ல உக்காந்து வந்தேன், காத்தடிச்சு வாய் கோணிருச்சு" என்று வருவார்கள். பெரும்பாலும் அது ஏழாவது நரம்பு. காதுக்குள் ஓர் ஒடுக்கமான எலும்புக் குழாய் வழியாக அது வளைந்து வருகிறது. அங்கே வீங்கினால் விலகிக்கொள்ள இடமில்லை. வைரஸ்தான் காரணம் என்று கருதுகிறார்கள். முதல் 72 மணி நேரத்துக்குள் ஸ்டீராய்டு மாத்திரை தொடங்குவது நல்லது. மூடாத கண்ணை ராத்திரியில் டேப் ஒட்டிக் காப்பது அதைவிட அவசரம், கருவிழி காய்ந்துவிடக் கூடாது.

காற்றா இல்லையா என்று நான் அவர்களோடு வாதாடுவதில்லை. "புருவத்தை மேலே தூக்குங்க" என்பேன். அந்தப் பக்க நெற்றியில் கோடே விழவில்லை என்றால் பெரும்பாலும் நரம்பு. வாய் கோணியிருந்தும் நெற்றியில் இரண்டு பக்கமும் கோடு சரியாக விழுந்தால்தான் பயம், மூளையில் பக்கவாதமாக இருக்கலாம். நெற்றிக்கு மட்டும் மூளையின் இரு பாதியிலிருந்தும் உத்தரவு வருகிறது. ஒரு பாதி செயலிழந்தாலும் மறு பாதி தாங்கிக்கொள்ளும். அப்படிப்பட்டவரைப் படுக்க வைத்து எக்சர்சைஸ் சொல்லிக்கொடுக்க நேரம் கிடையாது, வண்டியைத்தான் கூப்பிட வேண்டும்.

என் நோட்டின் முதல் பக்கத்தில் இரண்டு கேள்விகளைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதி வைத்திருக்கிறேன். மெல்லும்போதா, நடக்கும்போதா? விரலால் காட்டுவீர்களா, கையால் காட்டுவீர்களா?

போன வாரம் கள் இறக்கும் தொழிலாளி ஒருவர் வந்தார். தாடியில் நோவு என்றார். எங்கே என்று கேட்டதும் ஒற்றை விரல் நுனியால் கடைவாய்ப் பல்லுக்கு நேரே தொட்டார். மரம் ஏறும்போது வலிக்கிறதா? இல்லை. மெல்லும்போது? ஆமாம், சில்லென்று தண்ணீர் குடித்தாலும். ஏறும்போது வருவதில்லையே என்று இன்னொரு தடவை கேட்டுவிட்டு, பல் டாக்டருக்குச் சீட்டு எழுதினேன்.